துரையின் பாதிச் சம்மதம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போனது, பிடித்து நிறுத்திவிட்டேன். நலமறிய ஆவல் என்கிற பாதி மட்டும்தான் இந்தத் தடவை உண்மை, மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், அதனால் உட்கார்ந்து படி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்காதே. நீ அனுப்பின படம் வந்தது. நீ கட்டுகிற பாலத்தின் மேல் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாய், கழுத்தில் மஃப்ளர் இல்லை, கோட்டுக்குப் பொத்தான் போடவில்லை. நான் உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தது ஆணியில் மாட்டி அழகு பார்க்கவா? அப்பா அந்தப் படத்தில் உன்னையா பார்த்தார், உனக்குப் பின்னால் இருந்த மேகத்தைப் பார்த்து, இது அசல் இங்கிலீஷ் மேகம் என்றார். அவள் இருப்பது இங்கிலாந்து இல்லையே என்றேன். மேகத்துக்கு அதெல்லாம் தெரியாது என்றார். சொல்லும்போதே குரல் உடைந்து பாதி வார்த்தை காற்றாய்ப் போனது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் குரல்நாணில் ஒரு கட்டி. துளி கிள்ளி எடுத்துச் சோதித்துப் பார்த்தாயிற்று, நல்ல கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தொண்டை டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், பொறுமையாகப் பேசினாள். கட்டி ஒரு பக்கத்தோடு நின்றிருந்தால் அதை மட்டும் செதுக்கி எடுத்துவிடலாம், குரல் கரகரத்தாலும் குரல் இருக்கும். திறந்து பார்க்கும்போது அந்தப் பக்கமும் பரவியிருந்தால் குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டும், உயிர் தங்கும், குரல் தங்காது. எது என்று ஸ்கேனில் தீர்மானமாகத் தெரியவில்லை, அதனால் இரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே சம்மதம் வேண்டும் என்றாள். உங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா, முதலாவதற்குச் சம்மதம், இரண்டாவதற்குச் சம்மதம் இல்லை, தேங்க்யூ என்றார். டீயில் பால் இருக்கட்டும் சர்க்கரை வேண்டாம் என்று சொல்வாரே, அதே மாதிரி. டாக்டரம்மா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். பாதிச் சம்மதத்தை வைத்துக்கொண்டு கத்தியை எடுக்க மாட்டேன், திங்கட்கிழமைக்குள் முழுசாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன், அடுத்த தடவைக்குள் கட்டி எங்கே போயிருக்கும் என்று நான் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இன்றைக்குச் சனிக்கிழமை. அவர் உள்ளே தூங்குகிறார், நான் வெட்டுகிற மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று நீ கோபப்படுவாய். ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், பாலம் பாதியில் நிற்கிறது, அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவாள், போனில் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று. நானும் சரி, போனில் சொல்ல மாட்டேன் என்றேன். கடிதத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை. நம் வீட்டு வாசிப்புக்கு வருகிற பல் டாக்டரின் அண்ணன் மகள் திங்கட்கிழமை சாயந்திரம் உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கைக்கு இது வரும்போது அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பார், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நேற்று ஒரு கால்சட்டைக்கு இரண்டு காலையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன், அதன் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அத்தையிடம் மட்டும் மேலோட்டமாகச் சொன்னேன். வெந்நீர் குடிக்கச் சொல்லு, எல்லாம் சரியாகிவிடும் என்றாள். அவளுக்கு எலும்பு முறிந்தாலும் வெந்நீர்தான்.

உங்கப்பாவின் இங்கிலாந்துப் பைத்தியம் உனக்குத் தெரியாததா. கப்பலைக் காலண்டரில் பார்த்ததோடு சரி, குடிநீர் வாரியத்தில் உட்கார்ந்து குழாய் போகிற பாதைக்கு வரைபடம் போட்டே காலத்தை ஓட்டினவர், ஆனால் அந்த ஊர் மழையைப் பற்றி அந்த ஊர்க்காரனுக்கே பாடம் எடுப்பார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கையில் குடை, காலையில் ரொட்டிக்கு ஆரஞ்சு ஜாம், தெருவில் யாரைப் பார்த்தாலும் முதலில் வானிலை. துரை என்று கிண்டலுக்கு ஆரம்பித்தது, இப்போது பால்காரர் கூட அந்தப் பெயரில்தான் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிறார். முன் அறையில் அந்தக் கடல் படம் மாட்டியிருக்கிறாரே, புயலில் ஒரு படகு, எவனோ இங்கிலாந்து ஓவியன் போட்டதன் அச்சு. கொட்டிப்போன டீயைத் துடைத்த துணி மாதிரி இருக்கிறது என்று வாங்கி வந்த அன்றே சொன்னேன், உற்றுப் பார் உள்ளே வெளிச்சம் இருக்கிறது என்றார். தினமும் அதன் எதிரில்தான் என் தையல் மிஷின். இத்தனை நாள் மிதித்ததில் எனக்கும் அந்த வெளிச்சம் தெரிய ஆரம்பித்துவிட்டது, அதை அவரிடம் சொல்லி நான் தோற்றுப்போக மாட்டேன். அவர்களுடைய கவிதையும் அப்படித்தான், ஆடு மேயும், மேகம் போகும், யாரோ யாரையோ கடற்கரையில் விட்டுப் போவார்கள், வேறொன்றும் நடக்காது, ஆனால் அவர் வாசித்தால் ஊசியில் நூல் கோக்க மறந்து உட்கார்ந்திருப்பேன். காதில் செருகின பென்சிலை எடுத்து மேசையில் டொக் டொக்கென்று தட்டிச் சந்தம் பார்ப்பார். உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பென்சிலால்தான், சரி என்றால் ஒரு தட்டு, தப்பு என்றால் இரண்டு, நீ ஏழாம் வாய்ப்பாட்டில் மேசையையே உடைக்க வைத்தாய்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். சனிக்கிழமைதோறும் நம் முன் அறையில் வாசிப்புக் கூட்டம் நடக்கிறதே, பல் டாக்டர், போஸ்ட் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற கண்ணாடிக் கடைக்காரர், இவர்கள்தான் நிரந்தரம், இன்றைக்கு மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கூட்டத்துக்கு உங்கப்பா போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் வாசித்து முடித்தால் கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் அருமை, அப்புறம் டீ. குறை சொல்லக்கூடாது, சொந்த விஷயம் கேட்கக்கூடாது, முக்கியமாக ஒருவருடைய உடம்பைப் பற்றி இன்னொருவர் வாயைத் திறக்கக்கூடாது, அது இங்கிலீஷ் நாகரிகம் இல்லையாம். போன மழைக்காலத்தில் இருந்தே அவர் குரல் தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது. நானோ மிஷின் சத்தத்தில் இருக்கிறவள், எனக்கு எல்லாக் குரலும் கரகரப்புத்தான். இவர்கள் வாரம் தவறாமல் எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள், மௌனம் காத்திருக்கிறார்கள், அருமை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு வரியின் நடுவில் குரல் அப்படியே வழுக்கி விழுந்தது. போஸ்ட் ஆபீஸ் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அருமை என்றார். கையில் இருந்த டீப் பாத்திரத்தை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பல் டாக்டரை வாசல் வரைக்கும் துரத்திக்கொண்டு போய், நாள் முழுக்க ஊரார் வாய்க்குள்ளே எட்டிப் பார்க்கிற உங்களுக்குமா தெரியவில்லை என்று கேட்டேன். மனுஷன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "தெரிஞ்சதும்மா. ஆனா துரை வீட்டுல உடம்பைப் பத்திப் பேசக்கூடாதுன்னு சட்டமாச்சே" என்றார்.  மறுநாளே அவர்தான் தொண்டை டாக்டரம்மாவிடம் பேசி எல்லாம் சீக்கிரம் பார்க்க வைத்தார், அந்த நன்றி எனக்கு உண்டு, கோபமும் அப்படியே இருக்கிறது. உங்கப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. எப்படி இருக்கீங்க என்று கேட்டால் பரவாயில்லை, அவ்வளவு மோசமில்லை, இதுதான் பதில். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் மகாராணி வருத்தப்படுவாள் போல.

நாளைக்கு மாதத்தின் கடைசி ஞாயிறு வேறு. மாலையில் இங்கிலீஷ் ஆராதனை, வேதபாடம் வாசிக்க வேண்டியவர் இவர். ஆபரேஷன் வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். இவர் சரி என்று தலையாட்டிவிட்டு, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுவென்று ஒத்திகை பார்க்கிறார். சத்தம் போடவில்லையே என்கிறார். கிசுகிசுப்பது சாதாரணமாகப் பேசுவதைவிடத் தொண்டைக்குக் கெடுதல் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னது இவர் காதில் ஏறவே இல்லை. பாதிரியாரைப் போய்ப் பார்த்தேன், வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் ஐயா என்றேன். அவரும் இந்தக் கூட்டத்தில் கெட்டுப்போனவர்தான், துரை தானாகச் சொல்லாமல் நான் எப்படி அவரை எடுத்துவிடுவது, மரியாதையாக இருக்காது என்றார். எல்லோருக்கும் மரியாதை இருக்கிறது, மூளை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

நேற்று நானே நேரடியாகக் கேட்டேன், குரலா உயிரா, நான் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லையா என்று. அந்தக் கடல் படத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, "நான் பிரசங்கம் பண்ணினதில்ல, தானதர்மம் பண்ணினதில்ல. ஆண்டவருக்குன்னு நான் குடுத்தது இந்த வாசிப்பு ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டா நான் எதை வெச்சுக்கிட்டு அவர் முன்னாடி போய் நிக்கிறது" என்றார்.  நான் ஜெபம் செய்வது மிஷினை மிதித்துக்கொண்டே, இந்தக் கழுத்துப்பட்டி நேராக வரட்டும், மகள் சாப்பிட்டிருக்கட்டும் என்று, எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் அழகான வார்த்தையெல்லாம் கிடையாது. அப்பாவுக்கு ஆண்டவர் வந்ததே அந்த வார்த்தை வழியாக, அந்தப் பாட்டும் ஜன்னல் கண்ணாடியின் நிறமும் வழியாக. அதைப் பிடுங்கிக்கொண்டு உயிரோடு இருங்கள் என்றால் அவருக்கு வீட்டை இடித்துவிட்டு வாசற்படியை மட்டும் கொடுத்த மாதிரி இருக்கிறது. எனக்கு அது புரிகிறது மகளே, புரிவதால்தான் பயமாக இருக்கிறது. பிடிவாதம் என்றால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது, எனக்கு இவர் வேண்டும், குரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டும். எழுந்துவிட்டார், செருப்புச் சத்தம் கேட்கிறது, கடிதத்தைத் துணிக்கடியில் வைக்கிறேன்.

திங்கட்கிழமை மத்தியானம். விட்ட இடத்தில் இருந்து எழுதுகிறேன், கடிதத்தை வாங்கிக்கொண்டு போக அந்தப் பெண் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேற்று சாயந்திரம் வரைக்கும் பாடற்குழுவின் அங்கிகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். இவர் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், டையை அவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருந்தார், சொல்ல முடியவில்லை. அங்கிகளை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் நான் அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன், அவர் குரலைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த மாலை ஆராதனை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வெயில் சாய்கிற நேரம், மேற்கு ஜன்னலின் நீலமும் சிவப்பும் பெஞ்சு மேலே விழும், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் மடியில் விழுகிற நீலத்தைப் பார்த்து இந்த நிறத்தில் ஒரு துணி கிடைத்தால் என்று நினைத்துக்கொண்டிருப்பேன், இதுதான் என் இங்கிலீஷ் பக்தி. நேற்று அதைப் பார்க்கவும் மனமில்லை. அவர் எழுந்து போய், வேதம் தாங்குகிற மேடைக் கழுகு, பித்தளையில் சிறகு விரித்து நிற்குமே, அதன் மேல் இருந்த வேதத்தைத் திறந்தார். நேற்றைய பாடம் என்ன தெரியுமா, கடலில் புயல் அடிக்கிறது, படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, ஆண்டவர் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஆரம்பம் நன்றாகவே வந்தது. கரகரப்பிலும் ஒரு அழகு இருந்தது, கயிறு இழுபடுகிற மாதிரி, அந்தப் படகுக்கு அது பொருத்தமாகக் கூட இருந்தது. சீடர்கள் அவரை எழுப்பி, நாங்கள் சாகிறோமே உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிற இடம் வந்தது. அந்தக் கேள்வியின் நடுவில் குரல் நின்றுவிட்டது. தண்ணீரைக் குடித்தார். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மறுபடியும் முயற்சி செய்தார், கழுத்து நரம்பு புடைத்தது, ஒன்றுமே வரவில்லை.

அப்போது இந்த மரியாதைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்கிறாய். போஸ்ட் ஆபீஸ் அம்மா தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் ஆர்கன் பக்கம் திரும்பிக்கொண்டார். பல் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். பாதிரியார் ஜன்னலைப் பார்த்தார். அவர் படுகிற பாட்டைத் தாங்கள் பார்க்கவில்லை என்று காட்டுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த அன்பு. அவர் அந்தக் கழுகின் சிறகைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். அந்தப் படகு சாகிறோம் சாகிறோம் என்று சொல்லிக்கொண்டு நடுக்கடலில் நிற்கிறது, அடுத்தது சொல்ல ஆளில்லை.  எழுந்து நின்றுவிட்டேன். கழுத்தில் அளவெடுக்கிற டேப் தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்துவிட்டேன், அது கூட அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வாரமாகக் குளியலறைக் கதவு வழியாக அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் பாடமாகியிருந்தது, பாடமாகியிருப்பது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது. காற்றையும் கடலையும் அடங்கச் சொல்கிற வார்த்தை, அதில் இருந்து பிடித்து, நின்ற இடத்தில் இருந்தே இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னேன். கடைக்காரர்களிடம் நூல் விலை பேசுகிற குரல்தான் எனக்கு இருக்கிறது, அது அந்தக் கூரை வரைக்கும் போய் முட்டியது. எல்லாத் தலையும் திரும்பியது. ஓரிரு இடத்தில் வார்த்தை மாறிப்போனது, கடலைப் படுக்க வைத்தேனோ படகைப் படுக்க வைத்தேனோ. இவர் யார், காற்றும் கடலும் கூட இவருக்கு அடங்குகிறதே என்று சீடர்கள் பயந்துபோய்ப் பேசிக்கொள்கிற கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.  அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, தன் இடத்துக்குப் போகாமல் சர்ச்சின் நீளம் முழுக்க நடந்து வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணமானதில் இருந்து மாலை ஆராதனையில் நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒருவரும் அருமை என்று சொல்லவில்லை. வெளியே வரும்போது பல் டாக்டர் மட்டும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "துரை, எங்களுக்குப் பயமா இருக்கு. ஆபரேஷன் பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டார், அவ்வளவு பேர் முன்னால், உடம்பைப் பற்றி. சட்டம் அங்கேயே முடிந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். அவர் முன் அறையில் அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். எனக்குத் திட்டு விழும் என்றுதான் நினைத்தேன், அத்தனை பேர் முன்னால் குறுக்கே பேசிவிட்டேனே. கிட்டே கூப்பிட்டார். உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்த மிச்சக் குரலைச் சுரண்டி எடுத்து, "உச்சரிப்பு மகா மட்டம்" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குக் கோபம் வந்தது. எந்த இடத்தில் என்றேன். "எல்லா இடத்துலயும். தினம் சாயந்திரம் வாசி, நான் திருத்தறேன்" என்றார். சொல்லிவிட்டு இருமினார், இருமல் நிற்கத் தண்ணீர் கொடுத்தேன். பேசாதீங்க, வியாழக்கிழமைக்கு அப்புறம் குரலே இல்லையென்றால் எப்படித் திருத்துவீங்க என்று கேட்டுவிட்டேன்.  காதில் இருந்த பென்சிலை எடுத்தார். நான் அந்த முதல் வரியை மறுபடியும் சொன்னேன், மேசையில் இரண்டு தட்டு. திரும்பச் சொன்னேன், இரண்டு தட்டு. இன்னொரு தடவை மெதுவாக, அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திச் சொன்னேன். ஒரு தட்டு. எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. அப்படியானால் டாக்டரம்மா கேட்ட இரண்டுக்கும் சம்மதமா, முழுச் சம்மதமா என்று கேட்டேன். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தப் படகைப் பார்த்தார்.  ஒரு தட்டு தட்டினார்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். டாக்டரம்மா கேட்டதும் அவள் மேசையிலும் தட்டினார், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நான் மொழிபெயர்த்தேன். வியாழக்கிழமை காலையில் உள்ளே கொண்டுபோகிறார்கள். குரல் தங்குமா தங்காதா என்று இப்போது யாருக்கும் தெரியாது. எனக்குப் பயம் போகவில்லை, உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், காலையில் இருந்து ஒரு வேலையும் ஓடவில்லை, ஆனால் தனியாகப் பயப்படுவது போய் இரண்டு பேராகப் பயப்படுகிறோம், அதுவே பெரிய ஆறுதலாக இருக்கிறது. நீ வர முடிந்தால் வா, முடியாவிட்டால் குற்ற உணர்ச்சியில் சாப்பிடாமல் கிடக்காதே. பாலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாயானால் அவர் எழுந்ததும் முதல் வேலையாக மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். அங்கே உன் பக்கத்தில் ஏதாவது சர்ச் இருந்தால் வியாழக்கிழமை காலையில் போய் உட்கார்ந்துகொள், உனக்கு நம்பிக்கை முன்னே பின்னே இருக்கலாம், நான் கேட்க மாட்டேன், ஜன்னல் வெளிச்சத்தையாவது பார்த்துக்கொண்டு உட்கார். புத்தகக் கடைப் பக்கம் போனால் அவர் இதுவரை படிக்காத இங்கிலீஷ் கவிதைப் புத்தகம் ஒன்று வாங்கி வை. ஆபரேஷன் முடிந்து அவர் தெளிந்ததும் நீ போன் செய்து அதில் ஒன்றை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், நீ எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை, என்னைவிட மட்டமாக வாசிக்க முடியாது.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணி மாதிரி காக்கட்டும், நீ ஏறுகிற உயரமெல்லாம் உனக்குத் தரையாக இருக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன், கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், கடிதத்தைக் கண்டுபிடித்துவிட்டார், போனில்தானே சொல்ல மாட்டேன் என்றேன் என்று சொன்னதும் சத்தமில்லாமல் சிரித்தார். மஃப்ளரை மறக்காதே. கோட்டுப் பொத்தானைப் போடு. நீ போன் செய்யும்போது அந்தப் பக்கம் பேச்சு வரவில்லையே என்று பதறி வைத்துவிடாதே மகளே, காதை நன்றாக வைத்துக் கேள், மேசையில் ஒரு தட்டு கேட்கும், அதுதான் உங்கப்பா.

என்றும் உன்னை நினைத்தபடி மிஷின் மிதிக்கும்,
உன் அம்மா